குழித்துறையில் பழைய மலையாள ஆதாரம் வாசித்துத் தரும் இடம்: குற்றக்கதை எழுதுகிறவளின் மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒரு துண்டு நிலமாவது இருக்கிற வீடுகளில் இந்தப் பிரச்சினை உண்டு. தாத்தா பெயரில் உள்ள ஆதாரம் (சொத்துப் பத்திரம்) டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அதை வாசிக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் எழுதிய பத்திரம், கோர்ட் நகல், போலீஸ் காகிதம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டாலும் அதே மலையாளக் கையெழுத்துக்கு நகல் வரும். இதை வாசித்துச் சொல்ல குழித்துறை கோர்ட் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். நான் பல வருஷமாக அவரிடம் போய்வருகிறேன்.

ஒரு போட்டோஸ்டாட் கடைக்கு மேலே சின்ன அறை. பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நானும் எழுதவில்லை. கோர்ட் வாசலில் எந்த வக்கீல் குமாஸ்தாவிடமும் ‘மலையாளம் வாசிக்கிற சார்’ என்று கேட்டால் கைகாட்டுவார்கள். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய லிபியில் படித்து வளர்ந்தவர். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தமிழில் அடித்துத் தருகிறார்.

‘பழைய லிபி’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1971-இல் கேரளத்தில் மலையாள எழுத்தைச் சீர்திருத்தினார்கள். அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று கூட்டெழுத்துகளைப் பிரித்து, உகரக் குறியை எழுத்தின் பக்கத்தில் தனியாக நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் உகரம் எழுத்தோடு ஒட்டிப் பின்னிக்கொண்டு வரும். நான் மலையாளம் பேசுவேன். கேரளப் பக்கத்துப் பாறசாலை போகிற பஸ்ஸின் போர்டும் சினிமா போஸ்டரும் வாசிப்பேன். ஆனால் 1930-களின் ஆதாரம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவேன். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த என் தோழியே தடுமாறினாள். அதனால் ‘மலையாளம் தெரிந்த யாராவது வாசித்துவிடுவார்கள்’ என்று நினைத்து இந்த வேலையில் இறங்காதீர்கள்.

நான் அவரிடம் போக ஆரம்பித்தது நிலத்துக்காக இல்லை. குற்றக்கதை எழுதுகிறேன், அதற்காகப் போனேன். தெரிந்த ஒரு குடும்பம் வீட்டு மச்சை ஒதுக்கும்போது கிடைத்த ஒரு கட்டுக் காகிதத்தை எனக்குத் தந்தது. மலையாள ஆண்டுக்கணக்கில் கொல்லம் 1118 துலாம் மாதம், அதாவது 1942 அக்டோபர்-நவம்பர். ஒரு களவுப் புகாரும் சில சாட்சி மொழிகளின் (வாக்குமூலங்களின்) நகலும் அதில் இருந்தன. கள்ளன் ராத்திரி வந்து பெட்டியைத் திறந்திருக்கிறான். கம்மல் இருந்தது, தொடவில்லை. சக்கரம் (திருவிதாங்கூர்க் காசு) கட்டிவைத்த துணி முடிச்சு இருந்தது, அதையும் தொடவில்லை. ஒரே ஒரு கடன் ஆதாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆதாரம் பதிவானது என்றால் அதன் நகல் பதிவு அலுவலகத்தில் இருக்குமே, மூலத்தைத் திருடி என்ன லாபம்? பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

“மக்களே, ஆபீஸில இருக்கது முன்பக்கம் மட்டும்தான். கடன் தீத்தா பின்பக்கத்தில வரவு எழுதி ஒப்புப் போட்டுக் கொடுப்பாங்க. அது இந்தக் கடலாசில (காகிதத்தில்) மட்டும்தான் இருக்கும்.”

கடன் வாங்கியதற்குச் சாட்சி பதிவு அலுவலகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. கடன் தீர்ந்ததற்குச் சாட்சி அந்த மூலத்தின் முதுகில் மட்டும் இருக்கிறது. அது காணாமல் போனால், கொடுத்து முடித்த கடன் மறுபடியும் உயிரோடு எழுந்து நிற்கும். கடன் கொடுத்தவர் மேல்தான் சந்தேகம் என்று புகாரிலும் எழுதியிருந்தது. தீர்ப்பு அந்தக் கட்டில் இல்லை. எனக்குத் தீர்ப்பு வேண்டியும் இருக்கவில்லை. கத்தியும் விஷமும் இல்லாமல், ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் போதுமான குற்றம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. இப்படி ஒன்றை மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்ய என்னால் முடிந்திருக்காது.

இந்த இடத்தின் பெரிய பலம், எழுதித் தருவதற்கு முன்னால் அவர் உரக்க வாசிப்பதுதான். முதலில் மலையாளத்தில் ஒருமுறை. அப்புறம் அதே வேகத்தில் நம்ம ஊர்த் தமிழில். அந்தக் களவு வழக்கில் வீட்டுக்கார அம்மாவின் மொழி இருந்தது. அந்த அம்மா நிச்சயம் விளவங்கோட்டுத் தமிழில்தான் பேசியிருப்பார். எழுத்தர் அதைக் கச்சேரி (அலுவலக) மலையாளமாக்கி, ‘இரவு ஏகதேசம் ஏழு மணிக்கு’ என்று நேரம் போட்டு, வாக்கியத்தை நீட்டி ஒழுங்குபடுத்தியிருக்கிறார். ஆனால் நடுவில் ஓரிடத்தில் அவருக்குக் கை ஓடவில்லையோ, மனசு வரவில்லையோ, அந்த அம்மா சொன்னதை அப்படியே விட்டிருக்கிறார்: கருப்புக்கட்டி காய்ச்சி இறக்கின நேரம், அடுப்பில் இன்னும் சூடு இருந்தது என்று. பெரியவர் அதை வாசித்தபோது அதுவரை பேசிக்கொண்டிருந்த எழுத்தரின் குரல் மாறி ஒரு பெண்ணின் குரல் அறைக்குள் வந்தது. எந்த மணிக்கணக்கையும்விட அந்த அடுப்புச் சூட்டை நான் நம்புகிறேன். நான் எழுதும் கதைகளில் சாட்சி பேசும் இடங்களை அதற்குப் பிறகு முழுக்கத் திருத்தி எழுதினேன். போலீஸ் எழுதுகிற மொழி ஒரு தளத்தில், ஆள் பேசுகிற மொழி இன்னொரு தளத்தில் என்று பிரித்து வைத்து, எங்கே ஒன்று மற்றதற்குள் கசிகிறது என்பதைப் பார்த்து எழுதுகிறேன். சென்னையிலிருந்து வாசிக்கிறவர்கள் ‘இது தமிழா மலையாளமா’ என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் களவு கொடுத்தவர் இப்படித்தான் பேசுவார் என்று பதில் எழுதுகிறேன்.

அவரிடம் இன்னொன்று கற்றேன்: கள்ள ஆதாரத்தைப் பிடிப்பது. முதலில் பின்பக்கத்தைத் திருப்புவார். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதி, வரிசை எண், வாங்கியவர் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். தாள் விற்ற தேதி ஆதாரத் தேதிக்குப் பின்னால் வந்தால் மேற்கொண்டு வாசிக்க வேண்டியதே இல்லை. அடுத்து முத்திரை. திருவிதாங்கூர்க் காலத்துத் தாள் என்றால் சங்கு இருக்க வேண்டும். அப்புறம் காசுக் கணக்கு. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். எந்த ரூபாய் என்று சொல்லாமல் தொகையை மட்டும் எழுதியிருந்தால் அவர் புருவத்தைச் சுருக்குவார்.

எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. கொல்லம் 1110 என்று தேதி போட்ட ஒரு ஆதாரத்தில் உகரக் குறி தனியாகப் பிரிந்து நின்றால், அதை எழுதிய கை 1971-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போன கை. தாளைப் பழசாக்கலாம், தேயிலைத் தண்ணீரில் முக்கலாம், மையையும் மங்க வைக்கலாம். ஆறு வயதில் பழகிய எழுத்து அவசரத்தில் எப்படியும் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கும். இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் முடிச்சு அதுதான், அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கதை எழுதுகிறவர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. திருவிதாங்கூர் 1944-லேயே மரண தண்டனையை எடுத்துவிட்டது. 1946-இல் விளவங்கோட்டில் கொலை செய்தவனைத் தூக்கில் போட்டுக் கதையை முடித்தால் தப்பு. அதேபோல, 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு நடக்கும் கொலைக்குப் பிரிவு 302 கிடையாது, 103. கதை 2023-இல் நடக்கிறதா 2025-இல் நடக்கிறதா என்பதை இனிமேல் பிரிவு எண்ணே காட்டிக்கொடுக்கும். வாசகருக்கு 302-தான் காதில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிப் பழசையே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. காகிதத்தை மதிக்காத குற்றக்கதை எனக்குப் பிடிப்பதில்லை.

காத்திருக்கும் பெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்ட் பக்கம் என்பதால் நிலக்காரர்கள் மட்டுமில்லை, சின்னச் சின்னக் கேஸ்காரர்களும் அங்கே வந்து உட்காருவார்கள். எல்லைப் பக்கத்துக் குற்றங்கள் எவ்வளவு விசித்திரமானவை என்று அந்தப் பெஞ்சில்தான் உறைக்கும். கேரள அரசே 1967-இல் துறை தொடங்கி லாட்டரி விற்கிறது. தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடைசெய்தது. பாறசாலையில் கடை போட்டு விற்கிற சீட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் களியக்காவிளையில் விற்றால் கேஸ். கள்ளும் அப்படித்தான். அங்கே கள்ளுக்கடை இருக்கிறது, இங்கே 1987 முதல் தடை. பனையேறுகிறவர் கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி (பதநீர்). தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கேஸாகவும் ஆகிவிடும். ஒரு விரல் சுண்ணாம்பில் குற்றம் இருக்கிறது. இங்கே கார்டுக்கு இலவசமாகக் கொடுக்கிற ரேஷன் அரிசி எல்லை தாண்டிப் போய் பாலிஷ் ஏறி விலைக்கு விற்கப்படுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு நாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், “அங்க கச்சவடம் (வியாபாரம்), இங்க கேஸ். இடையில நிக்கது நம்ம ஆளுகளாக்கும்” என்று சொல்லிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். சிக்குகிறவர்கள் கூலிக்குச் சுமக்கிறவர்கள், பனையேறிகள், சீட்டு விற்று வயிறு வளர்க்கிறவர்கள். அவர்களை வைத்துச் சிரிப்புக் கதை எழுதுவது எளிது. அந்தப் பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு எனக்கு அது வரவில்லை.

எல்லை என்று சொன்னதும் எல்லோரும் என்னிடம் கேட்பது 2022 அக்டோபரில் நடந்த கஷாயக் கொலையைப் பற்றித்தான். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டில் கஷாயத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்து கொடுக்கப்பட்டு, பாறசாலைப் பக்கத்து இளைஞர் திருவனந்தபுரத்தில் மருத்துவமனையில் இறந்தார். விசாரித்தது கேரள போலீஸ். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் தண்டனை சொன்னது. செயல் ஒரு மாநிலத்தில், விளைவு இன்னொரு மாநிலத்தில். செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், விளைவு நேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. ‘இதை நாவலாக்குங்களேன்’ என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். செய்ய மாட்டேன். அந்தப் பையனைப் பெற்றவர்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். பெரியவருக்கும் இதில் ஒரு விதி உண்டு: நடப்பில் இருக்கும் குற்ற வழக்கின் காகிதத்தைச் சம்பந்தமில்லாத ஆள் கொண்டுவந்தால் வாசிக்க மாட்டார். என்னிடமும் ஒருமுறை மறுத்திருக்கிறார். அந்த மறுப்புக்காகவே அவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

இனிக் குறைகள். முதல் குறை பெரியது. உரக்க வாசிப்பது எனக்கு வரம். நிலத் தகராறில் இருப்பவருக்கு ஆபத்து. அறையில் தடுப்பு கிடையாது. உங்கள் ஆதாரத்தில் நான்கு எல்லையும் எங்கே போகிறது, யாருக்கு எத்தனை சென்ட் என்பது பெஞ்சில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். பங்காளியின் ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. குழித்துறை சின்ன ஊர். இதை அவரிடமே சொன்னேன். கதவைச் சாத்தினால் கூட்டம் கத்தும் என்றார். அப்படியானால் தகராறு உள்ள காகிதத்துக்கு ஒரு தனி நேரம் ஒதுக்கலாம். அவர் செய்யும்வரை நீங்களே மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. அப்போது பெஞ்ச் காலியாக இருக்கும்.

இரண்டாவது, தட்டச்சுப் பிரதியில் தேதிகளைச் சரிபாருங்கள். கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. மகள் எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுகிறார். எனக்குத் தந்த பிரதியில் அந்த 1118 துலாம் 1943 ஆகிவிட்டது. சொன்னதும் திருத்தித் தந்தார், முகம் சுளிக்கவில்லை. ஆனால் சொல்லத் தெரியாதவர்களின் காகிதத்தில் ஒரு வருஷம் பிசகி நிற்கும், வழக்கில் ஒரு வருஷம் பெரிய விஷயம். சந்தேகம் வந்தால் பெரியவரிடமே கேளுங்கள். ‘தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்’ என்று ஆரம்பிப்பார்: 1099 கர்க்கடகத்தில், 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம். அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணி எந்தத் தேதியையும் சரியாகச் சொல்லிவிடுவார்.

எழுதித் தரும் தமிழும் வாசிக்கும் தமிழ் போல இல்லை. உரக்கச் சொல்லும்போது உயிரோடு இருந்த மொழி, காகிதத்தில் ‘மேற்படி’, ‘மேற்படியான்’ என்று விறைத்துவிடுகிறது. நிலக்காரருக்கு அது போதும், ஒருவேளை அதுதான் வேண்டும். மொழியைக் கேட்க வருகிறவர்கள் வாசிப்பைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அனுமதி கேட்டால் தருவார். கேட்காமல் செய்தால் நிறுத்திவிடுவார். இன்னொன்று, இவர் தருவது அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பு இல்லை. கோர்ட்டில் தாக்கல் செய்ய இது செல்லாது, அதற்கு வக்கீல் மூலம் வேறு வழி பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார். அதை மறைத்துக் காசு வாங்குகிறவர்களும் கோர்ட் பக்கம் இருக்கிறார்கள், அதனால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கட்டணம்: வாசித்துச் சொல்ல பக்கத்துக்கு 50 ரூபாய், தமிழில் அடித்துத் தர 150 ரூபாய். சர்வே நம்பர், தேதி மட்டும் பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. பென்ஷன் வாங்கும் பாட்டிகள் வந்தால் அதிகமாகவே கேட்பதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு இது குறைவு. கண்ணும் பொறுமையும் கெட்டுப்போகிற வேலை. பக்கத்துக்கு 100 வாங்கினாலும் கொடுப்பேன்.

காகிதத்தை மடித்துக் கொண்டுபோகாதீர்கள், மடிப்பில் கிழிந்த எழுத்தை அவராலும் வாசிக்க முடியாது. லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். போனில் எடுத்த படத்தை வைத்து வாசிக்க மாட்டார், மூலமோ இரண்டு பக்கமும் எடுத்த நல்ல நகலோ வேண்டும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம். சனிக்கிழமை காலை நிதானமாக உட்காரலாம். ஆடி அமாவாசையை ஒட்டி வாவுபலி நடக்கும் நாட்களில் குழித்துறைக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அந்த வாரத்தைத் தவிருங்கள். ஓலையோ வட்டெழுத்தோ இருந்தால் இவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. திருவனந்தபுரம் ஆவணக்காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம், அங்கே போவதற்கு முன்னால் ஓலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.